எதிர்வண்டி எண் இல்லாத விபத்து

"உங்களை மோதிய வண்டியின் எண் என்ன?" என்று கேட்காத ஆள் இல்லை. விபத்தைப் பதிவுசெய்யும் மையத்தில் கேட்டார்கள், காப்புறுதி நிறுவனத்தின் தொலைபேசியில் கேட்டார்கள், என் அத்தைகூடக் கேட்டார். எதிரே வண்டியே இல்லை, சாலைதான் காரணம் என்று சொன்னால் எல்லாருக்கும் இரக்கம் கலந்த ஒரு சிரிப்பு வருகிறது.

சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் குழாய் பதிப்பதற்காக ஒரு தடத்தை அடைத்து, அடுத்த தடத்தை வலப்புறமாக வளைத்திருந்தார்கள். பழைய வெள்ளைக் கோட்டைச் சரியாக அழிக்கவில்லை. இரவு நேரம், நல்ல மழை. விளக்கொளியில் பழைய கோடுதான் பளிச்சென்று தெரிந்தது. புதிய கோடு தண்ணீருக்கடியில் காணாமல் போயிருந்தது. பழைய கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவர் நேராகத் தடுப்பில்தான் போய் நிற்பார். நானும் அங்கேதான் நின்றேன். யாருக்கும் காயமில்லை. சக்கரம், அச்சு, அடிப்பகுதி என்று பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த பட்டியல் மட்டும் 4,000 வெள்ளியைத் தாண்டியது.

என் மைத்துனர் பணித்தலம் ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். அந்த நேரத்திலேயே அவரை எழுப்பிக் கேட்டேன். "காரை அப்புறம் படம் எடுக்கலாம் மாமா, முதலில் சாலையை எடுங்கள்" என்றார். ஓட்டுநரின் கண்மட்டத்திலிருந்து கோடுகள், கூம்புகளுக்கு இடையே இருந்த இடைவெளி, எரியாமல் கிடந்த எச்சரிக்கை விளக்கு, குத்தகையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்த அறிவிப்புப் பலகை என்று அவர் சொல்லச் சொல்ல எடுத்தேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் பழைய கோடு சுத்தமாக அழிக்கப்பட்டிருந்தது, கூம்புகள் அணிவகுத்து நின்றன, விளக்கும் எரிந்தது. அந்தப் படங்கள் இல்லாவிட்டால் நான் சொன்னதை என் மனைவியே நம்பியிருக்கமாட்டார்.

24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரியாத ஆபத்து அந்த மையத்தில் காத்திருக்கிறது. நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு அந்த ஊழியர், "ஓட்டுநர் தடம் மாறித் தடுப்பில் மோதினார்" என்று ஒரே வரியில் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு நீட்டினார். கோடு, மழை, விளக்கு எதுவும் அதில் இல்லை. "இது போதும் சார், எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார். எனக்குப் போதாது என்று உட்கார்ந்துகொண்டேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசியில் முழு விவரத்தையும் சேர்த்தார். படங்களையும் இணைக்க வைத்தேன். பிற்பாடு எதிர்த்தரப்பு முதலில் கேட்டு வாங்கியது இந்த வாக்குமூலத்தைத்தான்.

சொந்தக் காப்புறுதியிலேயே கோரியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இதுவரை கோரிக்கையே வைக்காததால் காப்புறுதிக் கட்டணத்தில் எனக்கு 50 விழுக்காடு தள்ளுபடி இருந்தது. ஒரு கோரிக்கை வைத்தால் அது 20-க்கு இறங்கிவிடும். அதற்கு மேல் எக்சஸ், அதாவது பழுதுச் செலவில் காப்புறுதிதாரரே ஏற்க வேண்டிய தொகையும் என் கையிலிருந்துதான் போக வேண்டும். இன்னொருவர் அழிக்காமல் விட்ட கோட்டுக்கு நான் எதற்காக அபராதம் கட்ட வேண்டும்?

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் எளிதாக முடிந்துவிடும் என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னதை நம்பி ஒரு பிற்பகலை வீணாக்கினேன். தொகை வரம்பு 20,000 வெள்ளி என்பது சரி. ஆனால் மோட்டார் வாகன விபத்தில் ஏற்பட்ட சேதத்தை அந்த மன்றம் எடுத்துக்கொள்ளாது. 60,000 வெள்ளி வரையிலான வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

பணியை ஒப்படைத்த தரப்புக்கு எழுதினேன். "குத்தகையாளரிடம் பேசவும்" என்று பதில் வந்தது. குத்தகையாளருக்கு எழுதினேன். அனுமதி பெற்ற வரைபடத்தின்படியே தடத்தை அமைத்தோம் என்று பதில் வந்தது. பந்து மேசையின் இரு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது.

சமூக மன்றத்தில் நடந்த இலவசச் சட்ட ஆலோசனையில்தான் தெளிவு கிடைத்தது. கிடைப்பது 20 நிமிடம்தான். படங்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு போங்கள், கதை சொல்லவே அந்த நேரம் சரியாகிவிடும். அந்த வழக்கறிஞர் பெண்மணி சுற்றி வளைக்கவில்லை. சாலையின் வடிவமைப்பே தவறு என்று வாதாடினால், கவனிப்புக் கடமை, அதாவது பிறருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் சட்டப் பொறுப்பு இருந்ததா என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2007-இல் ஸ்பாண்டெக் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்தபடி, தீங்கை முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க முடியுமா, இரு தரப்புக்கும் போதிய நெருக்கம் உண்டா, பொதுக்கொள்கை இடம் தருகிறதா என்று படிப்படியாகப் பார்ப்பார்கள். அதற்குப் பொறியியல் நிபுணரின் சாட்சியமும் வேண்டும். அவருக்குத் தரும் கட்டணத்தில் இன்னொரு முறை காரைப் பழுதுபார்க்கலாம். பணியை ஒப்படைத்தவரைப் பிடிப்பதும் கடினம். தகுதியுள்ள தனிக் குத்தகையாளரைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தவர்மீது அந்தக் குத்தகையாளரின் கவனக்குறைவைப் பொதுவாகச் சுமத்த முடியாது என்பது 2017-இல் வந்த ஒரு தீர்ப்பின் சாரம். "வரைபடத்தை விடுங்கள், அமைத்தவரைப் பிடியுங்கள்" என்றார். பணித்தலப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கென்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் நடைமுறை விதித்தொகுப்பு இருக்கிறது. என் படங்களை அதோடு ஒப்பிடச் சொன்னார். மைத்துனர் ஒரே இரவில் ஒப்பிட்டுக் கொடுத்தார்.

2025 ஜூலையில் தஞ்சோங் காத்தோங் சாலையில் நிலம் உள்வாங்கி, காரோடு விழுந்த ஒருவரைப் பக்கத்துப் பணித்தல ஊழியர்கள் கயிறு போட்டு மீட்டார்கள். அங்கே யாரும் ஓட்டுநரைக் குறை சொல்லவில்லை. பள்ளம் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, அழியாத கோடு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

எதிர்த்தரப்பான குத்தகையாளரின் காப்புறுதி நிறுவனம் அடுத்து எடுத்த ஆயுதம் வேகம். மழையில் வேகமாக வந்தீர்கள், அதனால் உங்கள் பங்கும் உண்டு என்றது. என் காரின் கேமராப் பதிவில் வேகம் திரையிலேயே தெரியும். வரம்புக்கு நன்றாகக் கீழே இருந்தது. அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் எதிர் புளோக்கின் காப்பிக்கடையில் கிடைத்தது. அங்கே வழக்கமாக உட்காரும் ஓர் அங்கிள், என் விபத்துக்கு முன்பே அதே கோட்டைப் பற்றி, பொது இடக் குறைகளைத் தெரிவிக்கும் ஒன்சர்வீஸ் செயலியில் புகார் செய்திருக்கிறார். புகார் எண்ணையும் தேதியையும் கைப்பேசியில் காட்டினார். குறை முன்பே தெரிவிக்கப்பட்டது என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்? அந்த எண்ணைக் கோரிக்கைக் கடிதத்தில் சேர்த்து அனுப்பிய பிறகு பதில்களின் தொனியே மாறிவிட்டது.

பழுதுச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தந்தார்கள், பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை என்ற வாசகத்தோடு. வழக்காடினால் முழுத்தொகையும் கிடைத்திருக்கலாம். வழக்கறிஞர் கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்கிக்கொண்டேன். தள்ளுபடி 50-லேயே இருக்கிறது.

காசோலையோடு வரும் தாளில், இதுவே முழுமையான இறுதித் தீர்வு என்று எழுதியிருக்கும். உடலில் அடிபட்டவர்கள் கழுத்துவலி, முதுகுவலிக்கெல்லாம் மருத்துவர் முடிவு சொல்லும்வரை அதில் கையெழுத்துப் போடவேண்டாம். பொதுவாகக் காயத்துக்கு 3 ஆண்டு, பொருள் சேதத்துக்கு 6 ஆண்டு வரை வழக்குத் தொடுக்க அவகாசம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் ஊழியர் இதைச் சொல்லாமல், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்றுதான் என்னிடம் அவசரப்படுத்தினார்.