சொந்த மண்ணிலும் வந்தேறி

வாசலில் பழைய உடுப்பை வாங்கிக்கொண்டு புதுக் காகிதங்களைக் கையில் கொடுக்கிறார்கள். ஊசி போடுகிறார்கள். டாக்டர் கேள்வி கேட்கிறார். புது நாட்டில் எப்படி நடந்துகொள்வது என்று வகுப்பு வேறு. அட, நம்ம விசா கூத்து மாதிரியே இருக்கே என்று சிரித்துக்கொண்டே படித்தேன். கவிதையில் கொஞ்சம் போன பிறகுதான் உறைத்தது, அது ஜெயில். வந்திறங்கியவர்கள் கைதிகள்.

எழுதியவர் ஜிம்மி சான்டியாகோ பாக்கா. 1952-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சான்டா ஃபேயில் பிறந்தவர். நான் குடியிருக்கும் அல்புகர்க்கியிலிருந்து காரில் ஒரு மணி நேரம். பெற்றவர்கள் விட்டுப் போக, பாட்டி வீடு, பிறகு அனாதை இல்லம். போதைப்பொருள் வழக்கில் அரிசோனாவின் ஃபுளோரன்ஸ் சிறைக்குப் போனபோது சரியாக எழுதப் படிக்கத் தெரியாது. உள்ளேதான் எழுத்துக் கூட்டக் கற்றார். சக கைதிகளுக்குக் கவிதை எழுதிக் கொடுத்தால் கூலி சிகரெட். அந்தக் கை தன் கதையை எழுதத் தொடங்கி, 1979-இல் தொகுப்பாக வந்தது. தலைப்பே ‘சொந்த மண்ணில் வந்தேறிகள்’ என்ற பொருளில்தான். இந்த நிலம் 1848 வரை மெக்சிகோ, பிறகுதான் அமெரிக்கா. அவர் ஆட்கள் எல்லை தாண்டி வரவில்லை, எல்லைதான் அவர்களைத் தாண்டிப் போனது. நான் இருக்கும் இதே ஊரின் சவுத் வேலி பகுதியை வைத்து எழுதிய நூலுக்கு 1988-இல் அமெரிக்கன் புக் அவார்டும் கிடைத்தது.

நான் பிளேன் ஏறி, ஆசைப்பட்டு வந்தவன். எனக்கென்ன குறை? ஆனாலும் வீடியோ காலில் அம்மாவிடம், "குளிரெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நல்லா சாப்பிடறேன்." உள்ளே இரண்டு ஸ்வெட்டர், அடுப்பில் நூடுல்ஸ். ஜெயிலில் உட்கார்ந்து அந்த மனுஷனால் உள்ளதை உள்ளபடி எழுத முடிந்திருக்கிறது.

மற்றபடி ஊர் பழகிவிட்டது. ஹோட்டலில் "சிவப்பா, பச்சையா?" என்று மிளகாய்ச் சாற்றைக் கேட்டால் யோசிக்காமல் "பச்சை" என்கிறேன். செப்டம்பரில் கடை வாசலில் கம்பி உருளையில் போட்டு, கேஸ் தீயில் சுற்றிச் சுற்றி மிளகாய் வாட்டுவார்கள். தோல் கருகி வெடிக்கும் அந்த நெடி ஏறினால் போதும், நான் எங்கள் மொட்டை மாடியில் இருப்பேன்: பாயில் மோர் மிளகாய், கையில் காக்கா விரட்டும் குச்சி, கீழிருந்து "மழை வருதுடா, அள்ளு!" என்று அம்மா.

போன வாரம் அவளுக்கு உண்மையாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். "தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை அம்மா" என்று ஆரம்பித்தது, அடுத்த வரியிலேயே மாடிக்கு ஏறிவிட்டது. மிளகாய் மிச்சமிருந்தால் யாராவது வரும்போது கொடுத்தனுப்பு என்று எழுதி, போஸ்ட் பண்ணிவிட்டேன்.