வீட்டில் எடுத்த எச்.ஐ.வி. டெஸ்ட்: எனக்கு 81 நாள் எப்படிப் போனது

டிசம்பர் 14 என்ற தேதியை நான் இனி மறக்கப் போவதில்லை. நானும் என் கணவரும் கடைசியாகச் சேர்ந்து இருந்த நாள் அது. ஜனவரி இரண்டாம் வாரம், மகள் விளையாடிக்கொண்டிருந்த அவருடைய பழைய போனில் வந்து விழுந்த மெசேஜ்களைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக வேறு உறவுகள், அதுவும் ஒருவரோடு மட்டும் இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு லண்டன் ஹாரோவில் இருக்கிற ஒரு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். கூட வேலை பார்க்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர், என் சொந்த அக்கா செய்திருக்க முடியாததையெல்லாம் செய்தவர். இதில் அவரைப் பற்றி அடிக்கடி வரும்.

கோபமும் அழுகையும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்ளும்போது வருகிற ஒரே கேள்வி: எனக்கு ஏதாவது தொற்றியிருக்குமா? மகள் வயிற்றில் இருந்தபோது திருநெல்வேலியில் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தார்கள், நெகட்டிவ். ஆனால் அது ஆறு வருடத்துக்கு முந்தைய கதை.

இதை என் கணவரிடமே போனில் கேட்டேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. வெள்ளை பிளாஸ்டிக் கிட், நடுவில் ஒரே ஒரு கோடு. "எனக்கு ஒன்றும் இல்லை, பார்த்துக்கொள்" என்று கீழே எழுதியிருந்தார். அந்தப் போட்டோவை நான் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. அது யாருடைய ரத்தம், எந்தத் தேதியில் எடுத்தது, கடைசியாக அவர் வேறு ஒருவரோடு இருந்து எத்தனை நாள் கழித்து எடுத்தது, எதற்கும் அந்தப் படத்தில் பதில் கிடையாது. ஏற்கெனவே எச்.ஐ.வி. மருந்தோ, தொற்று வராமல் இருக்க முன்கூட்டியே போடுகிற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இந்த மாதிரி கிட் சில சமயம் தவறாக நெகட்டிவ் காட்டலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கும் யாராவது இப்படிப் போட்டோ அனுப்பினால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்பது வேறு விஷயம், போட்டோவால் அதைச் சொல்ல முடியாது.

பாலியல் நலக் கிளினிக்குக்குப் போயிருக்க வேண்டும். இங்கிலாந்தில் அது இலவசம், ஜி.பி.யிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், போய்க் கடிதம் வாங்கத் தேவையில்லை. ஆனால் ஹாரோவில் நான்கு அடி நடந்தால் ஒரு தெரிந்த முகம் வரும். எங்கள் ஜி.பி. ரிசப்ஷனில் இருப்பவர் கோயிலில் பார்க்கிற அம்மா. கிளினிக்கில் காத்திருக்கும்போது யாராவது பார்த்தால், மொழிபெயர்ப்புக்கு ஒரு தமிழர் வந்து நின்றால், என் விசா அவர் விசாவோடு கட்டியிருக்கிறதே, அதற்கு ஏதாவது ஆனால். இந்தப் பயத்தில்தான் ஆன்லைனில் 30 பவுண்டு சொச்சத்துக்கு ஒரு கிட் வாங்கினேன். வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாத சாதாரணக் கவரில் வந்தது. அந்தக் கவரைப் பார்த்ததும் வந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். யாரிடமும் வாய் திறந்து சொல்ல முடியாத நிலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அது பெரிய உதவி.

பிப்ரவரி 1, சனிக்கிழமை ராத்திரி. மகள் தூங்கியதும் பாத்ரூமில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். விரலில் குத்துகிற சின்ன ஊசி, ஒரு சொட்டு ரத்தம், திரவம், 15 நிமிடம். கிட் வேலை செய்கிறது என்று காட்டும் கோடு மட்டும் வந்தால், எதுவும் தென்படவில்லை என்று அர்த்தம். இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும். அந்த முதல் கோடு வராவிட்டால் டெஸ்ட் செல்லாது. எனக்கு ஒரு கோடு. தரையிலேயே உட்கார்ந்து அழுதேன், அன்றைக்குத்தான் வாரக்கணக்கில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் குப்பையில் போடுவதற்கு முன் கூட வந்த தாளை முழுக்கப் படித்தேன். கடைசித் தொடர்பிலிருந்து 90 நாள் ஆகாமல் எடுத்தால் நெகட்டிவை நம்ப முடியாது என்று அதில் இருந்தது. நான் எடுத்தது 49ஆம் நாள். மார்ச் 14 வரை இந்த முடிவு எனக்குப் பாதிப் பதில்தான்.

இன்னும் கஷ்டமான விஷயம் அடுத்து தெரிந்தது. கிளினிக்கில் கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினால் 45 நாள் போதும். நான் வாங்கிய கிட் தேடுவது வைரஸுக்கு எதிராக நம் உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை. அது வர நாளாகும். லேப் டெஸ்ட் அதோடு சேர்த்து வைரஸின் ஒரு புரதத்தையும், பி24 என்கிறார்கள், தேடுகிறது, அது முன்னாடியே ரத்தத்தில் தெரியும். அதாவது அந்த சனிக்கிழமைக்குப் பதில் ஒரு நாள் கிளினிக்குக்குப் போயிருந்தால் அந்த வாரத்திலேயே எனக்கு முழுப் பதில் கிடைத்திருக்கும், ஒரு பைசா செலவில்லாமல். வீட்டு டெஸ்ட் வேகமானது என்று எல்லோரும் சொல்கிறார்கள். 15 நிமிடம் என்பது உண்மை, ஆனால் அந்த 15 நிமிடத்தை நம்புவதற்கு இரண்டு மடங்கு நாள் காத்திருக்க வேண்டும். எனக்கு இதை யாரும் முதலில் சொல்லவில்லை, அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பயப்படும்படியான சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் இருந்தால் எந்தக் கிட்டையும் தேடாதீர்கள். உடனே கிளினிக், அது மூடியிருந்தால் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. தொற்றைத் தடுக்க 28 நாள் சாப்பிடும் மாத்திரை இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அந்த நேரத்தில் கிட் நெகட்டிவ் காட்டியது என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பிப்ரவரியில் இங்கே எச்.ஐ.வி. பரிசோதனை வாரம் வரும், இலவசக் கிட் விளம்பரம் கண்ணில் பட்டது. இது வேறு வகை. வீட்டில் ரத்தம் எடுத்துச் சின்னக் குழாயில் நிரப்பித் தபாலில் அனுப்ப வேண்டும், லேபில் பார்ப்பார்கள். அந்தக் குழாயை நிரப்புவது சாதாரணமில்லை. மூன்று ஊசியும் குத்தியாகிவிட்டது, ரத்தம் கோட்டுக்குக் கீழேயே நின்றது. அனுப்பிவைத்தேன், "ரத்தம் போதவில்லை" என்று பதில் வந்தது. இரண்டாவது கிட்டுக்கு அக்காதான் வழி சொன்னார். வெந்நீரில் ஐந்து நிமிடம் கையை வை, நிறையத் தண்ணி குடி, உட்காராமல் நின்றுகொண்டு கையைக் கீழே தொங்கப் போடு, விரல் நுனியின் ஓரமாகக் குத்து, பிதுக்காதே. நிரம்பியது. 24ஆம் தேதி தபாலில் போட்டேன்.

28ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்தே முக்கால். மகளுக்கு தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். போனில் மெசேஜ்: உங்கள் ரத்த மாதிரி ரியாக்டிவ் (ஏதோ தென்பட்டிருக்கிறது என்று அர்த்தம்), உறுதிப்படுத்தும் பரிசோதனை தேவை, இந்த எண்ணில் கூப்பிடுங்கள். கூப்பிட்டேன். அலுவலக நேரம் முடிந்தது, திங்கட்கிழமை அழைக்கவும் என்று பதிவு செய்த குரல் சொன்னது.

அந்த மெசேஜை யார் அனுப்பினார்கள் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஒருத்திக்கு இப்படி ஒரு வார்த்தையை அனுப்பிவிட்டு போனை மூடிவிட்டுப் போகக் கூடாது. யாரும் போகக் கூடாது.

அந்த இரண்டு நாளை எப்படிச் சொல்வது. எச்.ஐ.வி. சாப்பாட்டில் பரவாது, தட்டில் பரவாது, கட்டிப்பிடித்தால் பரவாது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவள் நான். ஆனாலும் அன்று ராத்திரி என் டவலைத் தனியாக எடுத்து வைத்தேன். மகள் என் தம்ளரில் தண்ணீர் குடிக்க வந்தபோது வாங்கி வைத்துவிட்டேன். அவள் முகம் வாடியதை இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. ஒரு மணிக்கு மேல் தப்பான யோசனையெல்லாம் வந்தது. இரவு வேலையில் இருந்த அக்காவுக்குப் போன் செய்தேன். "பயப்பிடாதை பிள்ளை, நான் வாறன்" என்றார், பாதி ஷிஃப்டில் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் அறிவுரை சொல்லவில்லை. டீ போட்டார், என் பக்கத்தில் படுத்துக்கொண்டார். அக்கா மாதிரி ஒருவர் இல்லாவிட்டால், மனம் உடைந்து போகிறவர்கள் பேசுவதற்கு இங்கே சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பின் எண் 116 123 இருக்கிறது, இலவசம், நாள் முழுக்க எடுப்பார்கள். தனியாக இருக்கப் போகிற இரவில் கிட்டைத் திறக்காதீர்கள், சனி ஞாயிறுக்கு முன்னாலும் வேண்டாம், இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

திங்கட்கிழமை, மார்ச் 3, காலையில் முதல் ஆளாகக் கிளினிக் வாசலில் நின்றோம். நான் இத்தனை நாள் பயந்த எதுவும் நடக்கவில்லை. எண் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். உங்கள் அனுமதி இல்லாமல் ஜி.பி.க்குப் போகாது என்றார்கள். விசாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானாகக் கேட்டேன். எச்.ஐ.வி. இருப்பதால் விசா போகாது என்றார் அந்த ஆலோசகர், 2012 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் எச்.ஐ.வி. சிகிச்சை விசா என்னவாக இருந்தாலும் எல்லோருக்கும் இலவசம் என்றும் சொன்னார். இருந்தால்கூடத் தினமும் மாத்திரை, வைரஸ் அளவு ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நீடித்தால் உடலுறவில் இன்னொருவருக்குப் பரவாது, பிள்ளையை வளர்க்கலாம், வேலைக்குப் போகலாம். பொறுமையாகச் சொன்னார்.

அப்புறம் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். புரிவதற்காகச் சொன்ன எண்கள்தான். 1000 பேர் டெஸ்ட் எடுக்கிறார்கள், அதில் ஒருவருக்குத்தான் உண்மையில் எச்.ஐ.வி., டெஸ்ட் 1000க்கு இரண்டு பேரைத் தவறாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் மூன்று பேருக்கு ரியாக்டிவ் வரும், அதில் இரண்டு பேருக்கு நோய் கிடையாது. டெஸ்ட் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை, அதனால்தான் வேறு டெஸ்ட் வைத்து உறுதி செய்யாமல் யாருக்கும் பாசிட்டிவ் என்று சொல்வதில்லை. தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கும் நம்பிக்கை மையத்திலும் அப்படித்தான், மூன்று வேறு கிட்டில் பார்த்த பிறகே சொல்வார்கள். அங்கேயும் இலவசம், ஆலோசகரும் இருப்பார். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம்.

நரம்பிலிருந்து நான்கு குழாய் ரத்தம் எடுத்தார்கள். கூடவே, "எச்.ஐ.வி. மட்டும் பார்த்தால் போதாதே" என்று ஒரு குச்சியும் கையில் கொடுத்தார்கள், உள்ளே வைத்து நானே மாதிரி எடுத்துக்கொடுக்க.

புதன்கிழமை, 81ஆம் நாள், போன் வந்தது. எச்.ஐ.வி. நெகட்டிவ், 45 நாள் தாண்டிவிட்டதால் இதுவே முடிவு, தபாலில் வந்தது தவறான ரியாக்டிவ். சிஃபிலிஸ் இல்லை, ஹெபடைடிஸ் பி இல்லை. கிளமிடியா இருக்கிறது, அதுவும் உடலுறவில் பரவுகிற ஒரு தொற்று.

எனக்கு ஒரு அறிகுறியும் இருந்ததில்லை. பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு இருக்காதாம், அப்படியே விட்டால் கருக்குழாயைப் பாதிக்கும். பிப்ரவரி 1ஆம் தேதி அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்து நான் அழுதபோதும் அது என் உடம்பில் இருந்திருக்கிறது. அந்தக் கிட் எச்.ஐ.வி.யைத் தவிர வேறு எதையும் தேடவில்லை. நான்தான் அதை "எல்லாம் சரி" என்று படித்துக்கொண்டேன். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, தினம் இரண்டு வேளை, ஏழு நாள். முடிந்துவிட்டது.

என் கணவருக்கும் சொல்ல வேண்டுமே என்றார்கள். நானே பேசலாம், அல்லது என் பெயர் இல்லாமல் கிளினிக்கே மெசேஜ் அனுப்பும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். டவலைப் பழைய இடத்திலேயே மாட்டினேன். மகள் இப்போது என் தம்ளரில்தான் பால் குடிப்பேன் என்று அடம்பிடிக்கிறாள்.

நான்கு நாள் கழித்து அவரிடமிருந்து போன். "ஏதோ கிளினிக்கிலிருந்து மெசேஜ் வந்திருக்கு, நீதானே?" என்றார். "போய் எல்லா டெஸ்ட்டும் எடுத்துக்கோங்க, ரத்தம் கொடுத்து எடுங்க. எனக்குப் போட்டோ அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.