சிறிய ரண்ணில் ஜிபிஎஸ்: அம்புக்குறியும் வந்த தடமும்

குஜராத்தில், கட்ச் பகுதியின் சிறிய ரண் என்னும் உப்புப் பாலைக்குள் கையடக்க ஜிபிஎஸ் கருவியுடன் போய்வரப் பழகி வருகிறேன். ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர் வெட்டவெளி. மழைக்காலத்தில் பனாஸ், ரூபேண் ஆறுகளின் வெள்ளமும் கடல்நீரும் அதை மூடிவிடும். நீர் வற்றித் தரை இறுகிய பிறகே வண்டி இறங்க முடியும். அதன்பின் கண்ணுக்கு எட்டியவரை ஒரே சமதளம், நண்பகலில் நாலாபுறமும் கானல் நீர். காட்டுக்கழுதைச் சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதி பெற்று, உள்ளூர் ஓட்டுநர் ஒருவரின் ஜீப்பில்தான் போகிறேன்.

கருவி கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ். கைப்பேசி போதாதா என்று பலர் கேட்கிறார்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் கைப்பேசியின் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் போதும். ஆனால் உப்புத் தரையில் எதிரொளிக்கும் வெயிலில் அதன் திரையைப் படிக்க முடிவதில்லை. சூடேறினால் அணைந்தும் விடுகிறது. ஈட்ரெக்ஸின் திரை வெயில் பட்டால்தான் இன்னும் தெளிவாகிறது. இரண்டு ஏஏ பேட்டரிகளில் 25 மணி நேரம் ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. மாற்று பேட்டரி எப்போதும் பையில் இருக்கும்.

கிளம்பும் முன் இரண்டு அமைப்புகளைப் பார்த்துக்கொள்வேன். நாம் இருக்கும் இடத்தைப் பக்கத்துச் சாலையோடு ஒட்டிக் காட்டும் வசதியை அணைத்துவிட வேண்டும். நகரத்தில் அது உதவி. சாலையே இல்லாத வெளியில் அது பொய்த் தகவல். இரண்டாவது, ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) எழுதும் முறை. ஒரு பாகைக்கு 60 கலை, ஆகவே 23.50 பாகை என்பது 23 பாகை 30 கலை. ஒருவர் 23.50 பாகை என்று அனுப்பியதை 23 பாகை 50 கலை என்று பதிந்தால் 20 கலை தள்ளிப் போய்விடும். வடக்கே சுமார் 37 கிலோமீட்டர். ரண்ணில் அது வேறொரு கரை. (கடகரேகை இந்த ரண்ணின் வழியாகவே செல்கிறது. திரையில் 23 பாகை 26 கலை கடந்து போவதைப் பார்ப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.)

முதலில் செய்து பார்த்தது எல்லோரும் செய்வதுதான். ரண்ணின் நடுவே மேட்டுத் திட்டில் இருக்கும் வச்ராஜ் பேட் கோயிலைப் புள்ளியாகக் குறித்துக்கொண்டு, ரண்ணின் ஓரத்து ஊரான ஜிஞ்சுவாடா பக்கமிருந்து இறங்கினோம். கருவித் திரையின் அம்புக்குறி கோயிலை நோக்கி நேரே காட்டியது. ஓட்டுநரோ சற்று தூரத்திலேயே வண்டியை ஒடித்து வெகுவாகச் சுற்றினார். காரணம் கேட்டேன். இறங்கி வந்து, நேர்கோட்டில் இருந்த கருத்த தரையில் குதிகாலை ஊன்றிக் காட்டினார். மேலே விரலளவு உப்புப் பொருக்கு, அடியில் களிச்சேறு. ஜீப் அச்சுவரை அமிழ்ந்திருக்கும். திறந்த வானம் என்பதால் கருவி ஏறத்தாழ 3 மீட்டர் துல்லியம் காட்டிக்கொண்டிருந்தது. நாம் நிற்கும் இடத்தை அவ்வளவு நுட்பமாகச் சொல்லும் கருவிக்கு, அந்த இடம் பாரம் தாங்குமா என்பது தெரியாது.

அங்கே நின்றபோது அம்பு அலைபாய்ந்ததையும் சொல்ல வேண்டும். இந்த மாடலில் மின்னணுத் திசைகாட்டி கிடையாது. நகரும்போது மட்டுமே திசையைக் கணிக்கும். நின்ற இடத்தில் திசை வேண்டுமென்றால் சில அடி நடக்க வேண்டும், அல்லது சாதாரணத் திசைகாட்டி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்திருக்கிறேன்.

கருவியின் அருமை திரும்பும்போதுதான் தெரிந்தது. மாலையில் தூசும் புகைமூட்டமும் சேர்ந்து கோயில் மறைந்துவிட்டது. தரையெங்கும் பழையதும் புதியதுமாகச் சக்கரத் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்று. வந்த வழியைக் கருவி கோடாகப் பதிந்து வைத்திருந்தது. அதையே தலைகீழாகத் திருப்பிப் பின்பற்றச் செய்தேன். அந்தக் கோட்டின் ஒவ்வொரு மீட்டரும் காலையில் எங்கள் வண்டியைத் தாங்கிய தரை. ஓட்டுநரும் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அன்றிலிருந்து பதிவை 20 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று வைத்திருக்கிறேன். இதில் 10,000 புள்ளிகள் அடங்கும் என்பதால் 200 கிலோமீட்டர் வரை கவலையில்லை.

ஆனால் சென்ற ஆண்டின் தடத்தை இந்த ஆண்டு அப்படியே நம்பக் கூடாது. அகரியாக்கள் எனப்படும் உப்பளத் தொழிலாளர்கள் நிலத்தடி உவர்நீரை இறைத்து உப்பு விளைவிக்கும் பாத்திகள் ஒவ்வொரு மழையிலும் கரைந்துபோகின்றன. மழை முடிந்ததும் மீண்டும் மிதித்துக் கட்டுகிறார்கள். பழைய கோட்டின் குறுக்கே புதிய பாத்தி வந்திருக்கலாம். அதில் சக்கரம் இறங்கினால் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு பாழாகிவிடும். பாத்தியோ பம்ப் செட்டோ தெரிந்தால் நான் திரையை மறந்துவிட்டு, அங்கே இருப்பவர்களிடம் வழி கேட்கச் சொல்வேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜிபிஎஸ் கருவி சிக்னலைப் பெற மட்டுமே செய்யும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் வேறு வகை. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விமான நிலையங்களில் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருகிறேன் என்றாலும் எந்த மாடல் என்று சரிபார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இப்போது ஒவ்வொரு தடத்தையும் மாதமும் ஆண்டும் சேர்த்துப் பெயரிட்டுச் சேமிக்கிறேன். சேறு கண்ட இடங்களைத் தேதியோடு தனிப் புள்ளிகளாகக் குறிக்கிறேன். அடுத்து, நீர் வற்றத் தொடங்கும் நவம்பரில் கரையோரமாக மட்டும் போய், பிப்ரவரித் தடங்களோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் முதலில் இறுகுகிறது என்று பார்க்க வேண்டும்.