அம்மாவும் 38-ஆம் நம்பர் பஸ்ஸும்: பாரிஸ் நாட்குறிப்பு

8 அக்டோபர் 2025, புதன்

காலையில் சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கி, ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் நகருக்குள் இருக்கும் கார் து நோர் நிலையத்துக்கு வந்து சேர்ந்தோம். டிக்கெட் ஆளுக்கு 13 யூரோ. டிக்கெட்டை ஏற்றிக்கொள்ளும் நாவிகோ ஈஸி அட்டைக்கு ஆளுக்கு 2 யூரோ. ஒரே அட்டையைக் காட்டி இரண்டு பேர் போக முடியாது. ஆகமொத்தம் 30. அம்மா யூரோவை நூறால் பெருக்கப் பழகிவிட்டாள்.

"மூவாயிரம் ரூவாயா? நம்மூர்லேர்ந்து மெட்ராஸுக்கு ரெண்டு பேரும் ஏசியில போயிரலாமேட்டி!"

லா ஷாப்பெல் பக்கம் அறை எடுத்திருக்கிறேன். தெரு முழுக்க யாழ்ப்பாணத்துக்காரர்களின் கடைகள். அம்மாவுக்குச் சாப்பாட்டுக் கவலை இருக்காது. முழங்கால் கவலைதான். நிலையத்திலிருந்து வெளியே வருவதற்குள் பெட்டியோடு மூன்று இடத்தில் படி ஏறினோம்.

9 அக்டோபர், வியாழன்

ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். மெட்ரோவில் ஒரு பயணம் 2.50 யூரோ. ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறினால் 10. நாலு நாளுக்கு 40. வாரப் பாஸ் 31.60, அதற்கான நாவிகோ தெகூவெர்த் அட்டை 5. பாஸே லாபம். ஆனால் இந்த ஊர் வாரம் திங்கட்கிழமை பிறந்து ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. நாம் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் கிடையாது. நடப்பு வாரத்துக்கு வியாழன் வரைதான் விற்பார்கள். அதாவது இன்றைக்கு விட்டால் போச்சு. நேற்றே வாங்கியிருந்தால் விமான நிலைய ரயிலும் அதிலேயே அடங்கியிருக்கும். வயிறு எரிகிறது.

அட்டையில் 25-க்கு 30 மில்லிமீட்டர் அளவில் படம் ஒட்ட வேண்டும். விசாவுக்கு எடுத்த படங்களில் மிச்சம் கையில் இருந்தது, ஆனால் அளவு பெரிது. அம்மா தையல் டப்பாவைத் திறந்து கத்தரியை எடுத்தாள். தன் படத்தில் தோள்களை வெட்டிவிட்டு, "காது இருக்கு, போதும்" என்றாள்.

மெட்ரோ 2-ஆம் லைனில் எத்துவால் நிலையம் வரை போய், அங்கிருந்து 6-ஆம் லைன். பஸ்ஸி நிலையம் தாண்டியதும் ரயில் சேன் நதிக்கு மேலே போகிறது. போகும் திசையில் இடப்பக்க ஜன்னலில் ஐஃபெல் கோபுரம் முழுசாக வந்து நின்றது. அம்மா அதைப் பார்த்தாள். நான் அம்மாவின் முழங்காலைப் பார்த்தேன். எத்துவாலில் லைன் மாறும்போது நடந்த நடை! மெட்ரோ வரைபடத்தில் அது ஒரு சின்ன வட்டம். படிக்கட்டு எத்தனை என்று எந்த வரைபடமும் சொல்லவில்லை. இன்று மட்டும் 214 என்று அம்மா எண்ணி வைத்திருக்கிறாள்.

10 அக்டோபர், வெள்ளி

காலையில் தைலம் வாங்கப் போன கடையில் அண்ணாச்சி வயதுள்ள ஒருவர் யாருக்கு என்று விசாரித்தார். அம்மாவின் முழங்கால் கதையைச் சொன்னேன். "ஏன் தங்கச்சி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு மெட்ரோவில ஏறி இறங்குறீங்கள்? பஸ்ஸில போங்கோ. முப்பத்தெட்டு எடுத்தால் நேரே நோத்ர் தாம் தேவாலயம்" என்றார்.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? ஊரில் டவுன் பஸ்ஸிலேயே வளர்ந்தவள், வெளிநாடு வந்ததும் பஸ் என்றால் ஏதோ சிக்கல் என்று நினைத்துவிட்டேன். தாழ்தளப் பஸ்; நடைபாதையிலிருந்து ஒரே எட்டு. பஸ் வருவதைப் பார்த்ததும் கை காட்ட வேண்டும், முன்வாசலில் ஏறி இயந்திரத்தில் அட்டையைக் காட்ட வேண்டும், இறங்குமுன் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். நெரிசலில் நின்று நின்றுதான் போனது. மெட்ரோ என்றால் பாதி நேரம்கூட ஆகியிருக்காது. அம்மாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து துணி காயப்போட்ட வீடு ஒன்றுகூட இல்லையே என்று தேடிக்கொண்டு வந்தாள்.

11 அக்டோபர், சனி

மோன்மார்த்ர். ஆன்வெர் நிலையம் எங்களுக்கு இரண்டாவது ஸ்டாப். குன்றுக்கு மேலே போக ஃபுனிக்குலேர் இருக்கிறது; வாரப் பாஸே போதும். கம்பி வடத்தில் சாய்ந்தபடி ஏறும் பெட்டி. "நம்ம பழனி விஞ்சுதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள் அம்மா. ஒன்றரை நிமிஷத்தில் மேலே.

இறங்கி வந்து ஆபெஸ் நிலையத்தின் கண்ணாடிக் கூரையைப் பார்த்தோம். கட்டடக் கலைஞர் ஹெக்டார் கிமார் வடிவமைத்தது. நிலையம் 36 மீட்டர் ஆழத்தில். சுழல் படிக்கட்டைத் தவிர்க்க லிஃப்ட் உண்டு. 12-ஆம் லைனில் வந்த ரயிலின் கதவு தானாகத் திறக்கவில்லை. நான் பேந்தப் பேந்த முழிக்க, பின்னாலிருந்த பெண் கைநீட்டி அதிலிருந்த கொக்கியைத் தூக்கிவிட்டாள்.

12 அக்டோபர், ஞாயிறு

ஐஃபெல் கோபுரத்தடியில் உள்ள ஷான் து மார்ஸிலிருந்து ஊரின் கிழக்கே காம்பெத்தா வரை 69-ஆம் பஸ்ஸில் முழுசாக ஒரு சுற்று. லூவ்ர் அருங்காட்சியகம், பஸ்தீய் சதுக்கம், பெர் லாஷேஸ் கல்லறை எல்லாம் வருகிறது. சுற்றிக் காட்டும் மாடிப் பஸ் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது, விளக்கம் சொல்ல ஆள் இல்லை என்பதைத் தவிர.

அம்மா தூங்கியபின் வெலிப் என்ற வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டினேன். பச்சை என்றால் மிதிக்க வேண்டும், நீலம் என்றால் மின்மோட்டார் உண்டு. வாடகை மின் ஸ்கூட்டர்கள் இங்கே இல்லை. ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி 2023 ஆகஸ்டோடு நிறுத்திவிட்டார்கள்.

13 அக்டோபர், திங்கள்

அம்மா தெம்பாக அட்டையை நீட்டினாள். இயந்திரம் சிவப்பு காட்டிக் கத்தியது. வாரம் நேற்று நள்ளிரவோடு முடிந்துவிட்டது! கணக்குப் போட்ட நானே மறந்துவிட்டேன். ஓட்டுநரிடம் மன்னிப்புக் கேட்டு இறங்கி, மெட்ரோ இயந்திரத்தில் பழைய ஈஸி அட்டைகளில் பஸ் டிக்கெட் ஏற்றினேன். ஒன்று 2 யூரோ. ஒன்றரை மணிநேரத்துக்குள் பஸ் மாறிக்கொள்ளலாம், மெட்ரோவுக்குச் செல்லாது. அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை.

14 அக்டோபர், செவ்வாய்

விமான நிலையத்துக்கு டாக்சி. நதிக்கு வடகரை என்றால் 56 யூரோ, தென்கரை என்றால் 65, இது அரசு நிர்ணயித்த கட்டணம். கூரையில் விளக்குப் பலகை உள்ள வண்டியாகப் பார்த்துப் பிடித்தேன். ரயிலைவிட 30 யூரோ அதிகம். ஆனால் நாலு பெட்டி, ஒரு முழங்கால்.

"பேரம் பேசினியாட்டி?"

"பேரமே கிடையாதும்மா."

நம்பாமல் ஓட்டுநரின் பின்னந்தலையைப் பார்த்தாள். அப்புறம் சிக்னலில் பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. "முப்பத்தெட்டு" என்று வாசித்தாள்.