பதின்மூன்று அங்குலச் சில்லுகள்

திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் எங்கள் வளவின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஆறு ஆண்டுகளாக மரக்கட்டைகளின் மேல் நின்றிருந்த வண்டி, சென்ற வைகாசியில்தான் முதன்முறையாகத் தன் சொந்தச் சில்லுகளில் நிலத்தைத் தொட்டது. சட்டகத்தை மட்டும் ஒட்டி வைத்திருந்த காலத்தில் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, கட்டிலா செய்கிறீர்?" என்று கேட்டார். 25 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாய்களால் ஆன அந்தக் கூடு உண்மையிலேயே கட்டிலைப் போலத்தான் இருந்தது. ஆகவே எனக்குக் கோபம் வரவில்லை.

நான் செய்வது லோட்டஸ் செவன் என்னும் இரண்டு இருக்கை வண்டியின் பிரதி. கொலின் சப்மன் அதை 1957ஆம் ஆண்டு வெளியிட்டார். திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் இலங்கையிடம் கையளித்ததும் அதே ஆண்டில்தான் என்பதனால், துறைமுகத்தில் பிற்றராக வேலை செய்த என் அப்பாவுக்கு அந்த ஆண்டு வேறு காரணத்துக்காக நினைவில் நின்றது. 1973இல் அந்த வண்டியைச் செய்யும் உரிமை கேற்றர்ஹாமிடம் போனது. கதவு இல்லை, கூரை இல்லை, எடை மிகக் குறைவு, முன்சில்லுகள் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். வீட்டில் செய்ய முனைகிறவர்கள் உலகெங்கும் இதையே தேர்ந்தெடுப்பதற்கு அதன் எளிமையே காரணம். என்னுடைய இயந்திரம், கியர்பெட்டி, பின்அச்சு, முன்சில்லைத் தாங்கித் திரும்பும் நக்கிள்கள் யாவும் ஒரு பழைய ரொயோட்டா கொரொல்லா கேஈ70 வண்டியிலிருந்து வந்தவை. எல்லா வகைகளும் பின்சில்லுகளால் ஓடிய கடைசித் தலைமுறைக் கொரொல்லா அது. அந்த வண்டிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்றாலும், அது தன் பாகங்களோடு தன் பழைய கணக்குகளையும் சேர்த்தே அனுப்பியிருந்தது என்பதைச் சில்லும் பிறேக்கும் பூட்டத் தொடங்கிய பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

முதலில் றிம். கேஈ70இன் ஹப்பில், அதாவது சில்லைப் பூட்டும் நடுப்பாகத்தில், நட்டு ஓடும் புரித்தண்டுகளான ஸ்டட்கள் நான்கு இருக்கின்றன. எதிரெதிரான இரண்டின் நடுப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம் 114.3 மில்லிமீட்டர், அதாவது நாலரை அங்குலம். பழைய பாகங்கள் விற்கும் இடமொன்றில் மிக அழகான அலுமினிய றிம்கள் நான்கு மலிவாகக் கிடைத்தன. நான்கு துளைகள், பதின்மூன்று அங்குலம், கண்ணுக்கு எல்லாமே சரி. ஆனால் வேர்னியரை வைத்துப் பார்த்தபோது துளை வட்டம் 108 மில்லிமீட்டராக இருந்தது. "பரவாயில்லை, இழுத்துப் பூட்டினால் பிடித்துவிடும்" என்றார் விற்றவர். ஒவ்வொரு ஸ்டட்டும் தன் துளையின் நடுவிலிருந்து 3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக விலகி நிற்கும் நிலையில் நட்டை இறுக்கினால் நட்டின் கூம்பு ஒரு பக்கத்தில் மட்டுமே உட்காரும், ஸ்டட் வளைந்தபடி வேலை செய்யும், ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவு முன்னும் பின்னும் ஆடி, ஒருநாள் ஸ்டட்டை அறுத்துவிடும். றிம்களை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அவற்றின் அழகு இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பின்னர் கிடைத்த சோடி 114.3தான், அகலம் 6 அங்குலம். ஆனால் அவற்றின் நட்டு உட்காரும் இடம் தட்டையானது. இரும்பு றிம்முக்குரிய கூம்பு நட்டை அதில் போட்டால் விளிம்பில் மட்டும் தொடும்; இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றி, அலுமினியம் நசியத் தொடங்கியதும் தளர்ந்துவிடும். வாஷரோடு வரும், கழுத்து நீண்ட நட்டுகளைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது. ஸ்டட்டின் புரி 12 மில்லிமீட்டர், புரியிடைவெளி 1.5, நட்டு ஆகக் குறைந்தது ஸ்டட்டின் விட்டமளவுக்காவது உள்ளே ஓட வேண்டும் என்ற பொதுவிதியின்படி எட்டு முழுச்சுற்று வேண்டும். கையால் சுற்றி எண்ணிப் பார்த்தேன். பத்து வந்தது. அதன் பிறகே டோர்க் ஸ்பனரை எடுத்து, குறுக்கும் மறுக்குமாக, மூன்று கட்டங்களில் 100 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினேன்.

டயர் விடயத்தில் பழைய கணக்கு வேறு வடிவத்தில் வந்தது. பாகங்களைத் தந்த கொடை வண்டியான கொரொல்லா ஓடியது மெலிந்து உயர்ந்த 155 அளவு டயரில்; அதன் முழு விட்டம் ஏறத்தாழ 578 மில்லிமீட்டர். நான் போட்டது 185/60 ஆர்13. அகலம் 185, பக்கச்சுவர் அதில் 60 வீதம், அதாவது 111 மில்லிமீட்டர். றிம்மின் 330 மில்லிமீட்டரோடு மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களைக் கூட்டினால் 552. டயர் சிறுத்துவிட்டதால் வண்டி அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சில்லைச் சுற்ற வேண்டும். ஆகவே வேகமானி 60 காட்டும்போது உண்மை வேகம் 57ஐச் சற்றே தாண்டும். இதனால் கெடுதல் ஒன்றுமில்லை, வேகத்தைக் கூட்டிச் சொல்லும் மானி குறைத்துச் சொல்லும் மானியைவிட நல்லது. தரையோடான இடைவெளி 13 மில்லிமீட்டர் குறைந்ததுதான் உண்மையான நட்டம், அதுவும் நமது ஒழுங்கைகளின் மதகுகளை நினைத்துப் பார்த்தால்.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்கங்களைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம். முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2309 என்றிருந்தால் அது 2009இன் இருபத்து மூன்றாம் வாரத்தில் பிறந்த டயர். தரையைத் தொடும் பக்கத்தில் வெட்டிய மலர்த்தடம் புதிதுபோல ஆழமாக இருந்தாலும் றப்பர் உள்ளே முதிர்ந்திருக்கும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் கொட்டகைக்குள்ளேயே அது வறண்டு மயிரிழை வெடிப்புகள் விடுவதை நான் கண்டிருக்கிறேன். 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு முதல் றப்பர் கன்றுகள் வந்த நாடு நமது நாடு. என்றாலும் இந்த அளவில் எனக்கு வாய்த்தவை வெளிநாட்டிலிருந்து வந்தவைதான்.

காற்று அழுத்தத்திலும் பழக்கம் குறுக்கிட்டது. டயர் கடைத் தம்பி கேட்காமலேயே 32 பிஎஸ்ஐ அடித்துத் தந்தார். அது ஒரு தொன் எடையுள்ள வண்டிக்குரிய எண்ணிக்கை. என் வண்டியைத் தம்பலகாமப் பக்கத்து நெல் ஆலையொன்றின் எடைப்பாலத்தில் வாகனத்தில் ஏற்றிச் சென்று நிறுத்தபோது முன்அச்சு 270, பின்அச்சு 290, மொத்தம் 560 கிலோ வந்தது. நெல்லுக்கான தராசு என்பதனால் பத்துக் கிலோ இப்படியும் அப்படியும் போகலாம். ஒவ்வொரு டயரும் 450 கிலோ சுமக்க வல்லது, சுமப்பதோ அதில் மூன்றிலொரு பங்கு. 32 வைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டு, வண்டி கல்லுக்குக் கல் துள்ளும். மலர்த்தடத்தின் குறுக்கே சோக்கால் கோடு கீறி, உருட்டி, கோடு எந்த இடத்தில் அழிகிறது என்று பார்த்துக் குறைத்துக்கொண்டே வந்ததில் 18இல் முழு அகலமும் சீராக அழிந்தது.

இனி பிறேக். இந்த வேலை என்னை மூன்று மாதங்கள் பிடித்து வைத்திருந்தது.

கொடை வண்டியில் பிறேக் மிதிக்கும், அதன் விசையை ஒயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே, இயந்திரத்தின் வெற்றிட இழுவையால் பாதத்துக்கு உதவும் பெரிய வட்ட டப்பா ஒன்று இருந்தது. என் வண்டியில் அதற்கு இடமில்லை. அதை நீக்கிவிட்டு மிதித்தால் மரக்குற்றியை மிதிப்பது போன்றிருந்தது. பஸ்கால் விதியை நாங்கள் எல்லோரும் சாதாரண தரத்தில் பாடமாக்கியவர்கள்தாம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. பழைய மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 13/16 அங்குலம், பரப்பு 3.35 சதுர சென்ரிமீட்டர். மிதியின் நெம்பு விகிதம் நாலுக்கு ஒன்று. 20 கிலோ விசையால் மிதித்தால் 80 கிலோவாகி, சதுர சென்ரிமீட்டருக்கு 24 கிலோ அழுத்தம் தரும். நான் மிதியின் ஊசியை இடம்மாற்றி விகிதத்தை ஐந்துக்கு ஒன்றாக்கி, முக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டரைப் பூட்டினேன். அதே பாதம் இப்போது 35 கிலோ அழுத்தம் தந்தது. சில்லோடு சுழலும் பிறேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் கலிப்பரின் 48 மில்லிமீட்டர் பிஸ்டனில் அது 630 கிலோவுக்கு மேற்பட்ட தள்ளுவிசை. இலவசமாக ஒன்றும் கிடைப்பதில்லை, மிதி முன்பைவிட ஒன்றரை மடங்கு ஆழம் போகிறது. அந்த ஆழத்தை என் முழங்கால் ஏற்றுக்கொண்டது.

குழாய்களுக்குச் செப்பும் நிக்கலும் கலந்த குப்ரோநிக்கல் குழாயைத் தேர்ந்தேன், வெளிவிட்டம் 3/16 அங்குலம். சாதாரண இரும்புக் குழாய் மலிவானது, ஆனால் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வளவில், வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் இரவோடிரவாகப் பிறேக் தட்டு செம்மஞ்சளாகிவிடுகிற இடத்தில், உள்ளே ஒயிலும் வெளியே உப்பும் இருக்கிற ஒரு மெல்லிய இரும்பை நம்பி நான் ஓடமாட்டேன். கப்பல்களின் கடல்நீர்க் குழாய்களுக்கு இந்தக் கலப்புலோகத்தைத்தான் பயன்படுத்துவார்கள் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். குழாயின் வாயை இரட்டையாக மடித்து விரிக்கும் வேலையில் கைபழக முதல் பன்னிரண்டு துண்டுகளைக் குப்பையில் போட்டேன். மற்றொரு பொறி புரியில் இருந்தது. ஜப்பானிய வண்டியின் குழாய் நட்டு 10 மில்லிமீட்டர், இடைவெளி 1. பழைய பிரித்தானிய வண்டிகளின் நட்டு 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. பின்னது 9.5 மில்லிமீட்டர் என்பதனால் முன்னதன் துளைக்குள் இரண்டு சுற்று இதமாக ஓடும், ஓடிப் பொருந்திவிட்டதாக நம்மை ஏமாற்றும், அவசரமாக மிதிக்கிற நாளில் புரியை உரித்துக்கொண்டு வெளியே வரும். என் பெட்டியில் இரண்டு வகையும் கலந்து கிடந்தன. ஒரு மாலைப்பொழுது முழுவதையும் அவற்றைப் பிரிப்பதற்குச் செலவழித்தேன்.

பிறேக் ஒயிலுக்கு டொட் 4 என்ற வகை. புதிதாக இருக்கும்போது ஆகக் குறைந்தது 230 பாகை செல்சியசில்தான் அது கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். நமது காற்றில் திறந்த போத்தல் ஒன்றை மாதக்கணக்கில் வைத்திருந்து பயன்படுத்துவது பிறேக்குக்குள் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒப்பானது.

எல்லாம் பூட்டி, மருமகனை மிதிக்கச் சொல்லி, மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தொலைவில் இருக்கும் இடப்பக்கப் பின்சில்லிலிருந்து எயார் எடுக்க, அதாவது ஒயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றத் தொடங்கினேன். மூன்று நாட்கள் எடுத்தோம். இரண்டு போத்தல் ஒயில் முடிந்தது. மிதி பஞ்சுபோலத் தரைவரை போய்க்கொண்டே இருந்தது. எங்கும் ஒழுக்கில்லை. மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகித்துக் கழற்றினேன், குழாய்களைச் சந்தேகித்தேன், ஒரு கட்டத்தில் மருமகனின் மிதிக்கும் முறையையும் சந்தேகித்தேன். அவன் அதை இன்னமும் மறக்கவில்லை. நான்காம் நாள் காலை, தேநீர்க் கோப்பையோடு வண்டியின் முன்னால் குந்தியிருந்தபோதுதான் முன் கலிப்பரில் காற்றைத் திறந்துவிடும் நிப்பிள் கீழ்நோக்கி இருப்பதைக் கண்டேன். காற்று மேலே ஏறும். வெளியேறும் வழியோ அடியில் இருந்தது. எத்தனை போத்தல் ஊற்றினாலும் கலிப்பரின் உச்சியில் தங்கிய குமிழி அசையாது.

தவறு நடந்த விதம் எளிமையானது. முன்சில்லுகளைத் திருப்பும் ஸ்டியரிங் ராக்கை அச்சுக்கு முன்னால் வைத்ததனால், இடப்பக்க நக்கிளை வலப்பக்கத்துக்கும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்துக்கும் மாற்றியிருந்தேன் (அதனால் ஸ்டியரிங் கைகளுக்கு நேர்ந்ததை இன்னொரு நாள் எழுதுகிறேன்). கலிப்பர்களை வர்ணம் பூசக் கழற்றியபோது, நான் மிகவும் ஒழுங்கானவன் என்ற எண்ணத்தில், அவற்றில் நாடா ஒட்டி 'இ' என்றும் 'வ' என்றும் எழுதி வைத்தேன். திரும்பப் பூட்டும்போது 'இ' இடப்பக்கம் போனது, 'வ' வலப்பக்கம் போனது. எழுத்துகளில் பிழையில்லை, ஆனால் அவை கொரொல்லாவின் இடமும் வலமும். நக்கிள்கள் பக்கம் மாறிவிட்ட இந்த வண்டியில் கலிப்பர்களும் அவற்றோடு கூடவே மாறியிருக்க வேண்டும். துளைகள் அப்படியே பொருந்தியதனால் ஐயம் எழவில்லை. இரண்டையும் மாற்றிப் பூட்டி, நிப்பிள்கள் மேலே வந்ததும், அரை மணித்தியாலத்தில் மிதி கல்லாகியது.

எஞ்சியது முன்பின் பங்கீடு. பிறேக் பிடிக்கும்போது முன்சில்லுகள் முதலில் சுழலாமல் பூட்டுப்பட்டால் வண்டி நேரே வழுக்கும்; பின்சில்லுகள் முந்தினால் வால் சுழன்றுவிடும். என் வண்டியில் நானும் ஏறினால் 640 கிலோ, அதில் முன்அச்சில் ஏறத்தாழ 295. புவியீர்ப்பின் பத்தில் எட்டுப் பங்கு வேகத்தளர்ச்சியில், ஈர்ப்புமையம் 450 மில்லிமீட்டர் உயரத்தில், அச்சிடைத் தூரம் 2300 மில்லிமீட்டர் என்று கொண்டால், 100 கிலோ பின்னாலிருந்து முன்னால் சாயும்; முன்பங்கு 62 வீதமாகும். உயரமும் மூக்குக்கனமும் கூடிய கொரொல்லாவில் அதே கணக்கு 70 வீதத்தைத் தாண்டும். அதாவது அதன் பிறேக்குகள் என் வண்டிக்கு முன்பக்கம் சற்று அதிகமாகவும் பின்பக்கம் சற்றுக் குறைவாகவும் வேலை செய்யும். இம்முறை பழைய கணக்கு எனக்குச் சாதகமான திசையில்தான் பிழைத்திருந்தது, ஆனாலும் தாளில் போட்ட கணக்கை நான் ஓடிப் பார்க்காமல் ஏற்பதில்லை. கோட்டைக்குள்ளிருந்தும் கடற்கரையோரமிருந்தும் புள்ளிமான்கள் எந்த நேரத்திலும் வீதிக்கு வந்துவிடும் ஊரில் இந்த ஐயம் மிகையானதல்ல.

பதிவில்லாத வண்டியைப் பொது வீதியில் இறக்க முடியாதாகையால், நண்பர் ஒருவரின் சீமெந்துக் கல் அரியும் முற்றத்தைக் கேட்டு வாங்கினோம். முன்னும் பின்னும் இடப்பக்கச் சில்லுகளின் பக்கச்சுவரில் சோக்கால் தடித்த கோடு கீறினோம். மருமகன் கைத்தொலைபேசியோடு ஓரத்தில் படுத்துக்கொண்டான். 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து முழுப்பலத்தோடு மிதித்தேன். புழுதி அடங்கியதும் இருவரும் படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம்: முன்சில்லின் கோடு ஆறு மணி முள்போலச் செங்குத்தாக நின்றுவிட்டது, பின்சில்லின் கோடு இன்னும் முக்கால் சுற்றுச் சுற்றிய பிறகே ஓய்ந்தது. அவன் படத்தை மறுபடியும் ஓடவிட்டு, "மாமா, இந்தத் தடவை நான் சரியாகத்தான் மிதித்தேனா?" என்று கேட்டான்.