பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின்

கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும், தண்டையார்பேட்டையிலிருந்து எங்களோடு வந்த மீன்கார அக்கா சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "முன்னால எஞ்சினையே காணோமே, வண்டி எப்படிப் போவுது?" என்று கேட்டார்.

நீலகிரி மலை ரயிலை எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளுகிறது. குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே பதித்திருக்கும் பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக்கொண்டே ஏறுவதால், ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி உயரும் சரிவிலும் வண்டி வழுக்குவதில்லை.

1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டிய பாதை இது.

மலையிலிருந்து இறங்கும்போது பேருந்தில் வந்தோம்; கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டலுக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தவருக்கே மரியாதை.

1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரத்துக்கு அருகிலேயே வாழ்ந்தும், எங்களில் பலருக்கு ரயில் என்பது வேலைக்குப் போகும் வண்டியாகவே இருந்தது. வேடிக்கை பார்ப்பதற்கென்றே ரயிலேறுவது இதுவே முதல்முறை.