கூட்டிட்டுப் போறோம்மா

"அவரக் கூட்டிட்டு ஊருக்குப் போறோம்மா" என்றார் அந்த அம்மா. நான் கண்களைச் சுருக்கி, தலையை லேசாகச் சாய்த்து, "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். 2021 அக்டோபர் கடைசி, தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ்டவுனில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலின் வரவேற்புக் கவுண்டர். காலை 11 மணி, செக்-அவுட் நெரிசல். அந்த அம்மாவின் கணவர் முதல் நாள் இரவு மருத்துவமனையில் இறந்திருந்தார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். எல்லாரும் "உன் மேல என்ன தப்பு?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வியோடு என்னால் ஒரு நாள்கூட நிம்மதியாக இருக்க முடிந்ததில்லை.

2020 ஆகஸ்ட் 1 முதல் கூட்டமான பொது இடங்களில் முகக்கவரி, அதாவது மாஸ்க், கட்டாயம், மீறினால் 1,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் என்று வந்தபோது, கவுண்டரில் நிற்கும் எங்களுக்கு அபராதத்தைவிட வேறொரு கவலை இருந்தது. இந்த வேலையில் எங்கள் முதலீடே முகம்தான். பதினோரு வருடமாகச் சிரித்தே சம்பாதித்தவள் நான். மூக்குக்குக் கீழே எல்லாம் போய்விட்டால் விருந்தினருக்கு என்ன மிச்சம்?

கோலாலம்பூரிலிருந்து காணொளி வழியாகப் பயிற்சி கொடுத்தார்கள். உண்மையான சிரிப்பு வாயில் மட்டும் நிற்காது, கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும், டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார் என்றார் பயிற்சியாளர். "கண்ணால சிரிங்க. குரல்ல சிரிங்க. தலைய ஆட்டுங்க." கை குலுக்குவதற்குப் பதில் மலாய்க்காரர்கள் செய்வதுபோல வலது கையை நெஞ்சில் வைத்துச் சற்றே குனியச் சொன்னார். முகக்கவரி இல்லாமல் எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டையில் குத்திக்கொள்ளவும் சொன்னார்கள், உள்ளே இருப்பது எந்த முகம் என்று விருந்தினர் பார்க்கட்டுமே என்று. நான் பணியாளர் கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று முகக்கவரியோடு சிரித்துப் பழகினேன். நன்றாகவே வந்தது. "கண்ணாலேயே வரவேற்கிற பெண்" என்று ஒரு விருந்தினர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

2021 அக்டோபர் 11 முதல், இரண்டு தடுப்பூசியும் போட்டவர்கள் மாநில எல்லை கடக்கலாம் என்று அறிவித்ததும் பினாங்குக்குக் கூட்டம் திரண்டு வந்தது. அதற்கு முன் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த லாபி. ஆளைக் குறைத்துவிட்டதால் ஏழு பேர் வேலையை மூன்று பேர் பார்த்தோம். நெற்றியில் வெப்பம் பார்க்க வேண்டும், மைசெஜாத்ரா என்ற அரசாங்கக் கைபேசிச் செயலியில் தடுப்பூசிச் சான்றிதழ் பார்க்க வேண்டும், ஒவ்வொருவர் போனதும் அக்ரிலிக் தடுப்பில் மருந்து தெளித்துத் துடைக்க வேண்டும். இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சாக்காகவும்தான் சொல்கிறேன்.

ஜார்ஜ்டவுனில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோட்டல்களுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றிப் பார்க்க வருவதில்லை. அந்த அம்மாவும் மகனும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தவர்கள். ஐயாவுக்கு இருதய அறுவை சிகிச்சை. அப்போது ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள் என்பதால் மகன் போவார், அம்மா லாபி நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எட்டு ராத்திரி தங்கினார்கள். தினமும் சாயங்காலம் கேட்பேன்.

"ஐயா எப்படி இருக்காரும்மா?"

"பரவால்லம்மா. இன்னிக்குக் கஞ்சி குடிச்சாராம்."

ஏழாவது நாள் அவரே கவுண்டருக்கு வந்தார். "ரெண்டு மூணு நாள்ல கூட்டிட்டுப் போவலாம்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா. தீவாளிக்கு வீட்ல இருப்பாரு." அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு பயிற்சியில் வந்ததில்லை.

ஆக, ஒன்பதாவது நாள் காலையில் "அவரக் கூட்டிட்டு ஊருக்குப் போறோம்மா" என்று கேட்டபோது அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. இரண்டு நாளாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த சொல். நம் வழக்கத்தில் செத்தவர்களை யாரும் கூட்டிக்கொண்டு போவதில்லை, எடுத்துக்கொண்டுதான் போவோம். அந்த அம்மா "எடுத்துட்டு" என்று சொல்லியிருந்தால் அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு எல்லாம் விளங்கியிருக்கும். அவர் சொல்லை மாற்றவில்லை. ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவரை ஒரே ராத்திரியில் "எடுத்துட்டு" என்று சொல்ல எந்த வாய்க்கு வரும்?

"ரொம்ப சந்தோஷம்மா" என்றபோது நான் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேனா, திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பார்த்தேன். கண் சிவந்திருந்தது. ஒன்பது நாளும் சிவந்துதான் இருந்தது. தூக்கமில்லை என்று எடுத்துக்கொண்டேன். அவர் ஒரு நொடி அசையாமல் நின்றார். பிறகு அக்ரிலிக் தடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்து, "நீயும் நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் நடந்தார். தடுமாறாமலிருக்கப் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். அவர் நகர்ந்ததும் மருந்தைத் தெளித்து அந்தக் கை இருந்த இடத்தைத் துடைத்தேன். விதி அப்படி.

கால் மணி நேரம் கழித்து டெபாசிட் 100 வெள்ளியை வாங்க மகன் வந்தார். "சிஸ்டர், இங்க மாலை எங்க கெடைக்கும்?"

"லெபோ குயின்ல மாரியம்மன் கோயில் பக்கம் போங்க. கோயிலுக்கா?" அதே குரல், அதே கண்.

"அப்பாவுக்கு சிஸ்டர். ரெண்டு மணிக்கு பாடி தராங்க."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பணத்தை இரண்டு முறை எண்ணினேன். வெளியே ஓடியபோது அந்த அம்மா காரின் பின் இருக்கையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கதவைத் தட்டலாமா என்று நின்றேன். தட்டி என்ன சொல்வது? "அம்மா, நான் சரியா புரிஞ்சுக்கல" என்று அந்த நேரத்தில் என் பாரத்தை அவர் தலையில் இறக்கவா? திரும்பி வந்துவிட்டேன். அது மரியாதையா கோழைத்தனமா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. பதிவு அட்டையில் மகனின் எண் இருந்தது. விருந்தினர் எண்ணைச் சொந்தக் காரியத்துக்கு எடுக்கக் கூடாது. அந்த விதிக்குள் நான் வசதியாக ஒளிந்துகொண்டேன் என்பதும் உண்மை.

பிறகு எனக்கு நானே வக்கீலானேன். முகக்கவரி எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. கீச்சென்ற, உயர்ந்த அலைவரிசை ஒலிகளைத்தான் அதிகம் மங்க வைக்கிறது. ச, ஷ, ஸ எல்லாம் அந்தப் பக்கத்து ஒலிகள். வயதாகும்போது காது முதலில் இழப்பதும் பெரும்பாலும் அவற்றைத்தான். இடையில் அக்ரிலிக் வேறு. "சந்தோஷம்" என்ற சொல்லில் ச-வும் ஷ-வும் இருக்கின்றன. ஆகவே அது அவர் காதில் ஒரு மங்கிய முனகலாகத்தான் விழுந்திருக்கும். கண்ணும் அப்படித்தான். அழுகை முட்டும்போதும் கண்ணைச் சுற்றிச் சுருங்கும். வாய் தெரியாதபோது என் முகத்தை அவர் துக்கமாகவே படித்திருக்கலாம். "நீயும் நல்லா இரும்மா" என்றது அதனால்தானே?

இப்படி ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். மறுநாள் காலை வேறொன்று தோன்றும். ஒன்பது நாளும் அதே தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்ன காது அது. அன்றைக்கு மட்டும் ஏன் கேட்காமல் போகும்?

2022 செப்டம்பர் 7 முதல் கட்டடத்துக்குள் முகக்கவரி அவரவர் விருப்பம் என்றானது. உடன் வேலை பார்த்தவர்கள் அன்றே கழற்றினார்கள். நான் டிசம்பர் வரை போட்டிருந்தேன். ஒவ்வாமை என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் சொல்லித் தருகிறேன். காய்ச்சல் சளி என்று முகக்கவரி போட்டு வரும் விருந்தினர் இன்றும் உண்டு. அவர்கள் பேசினால் உடனே சிரிக்காதீர்கள், கடைசியாகச் சொன்னதைக் கேள்வியாகத் திருப்பிச் சொல்லுங்கள் என்பேன். "ஊருக்குக் கூட்டிட்டுப் போறீங்களாம்மா?" என்று நானும் கேட்டிருக்கலாம். ஆனால் சொல்லித் தரும்போதே உள்ளே இடிக்கிறது. கேட்டிருந்தால், வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்க, அந்த அம்மா தன் வாயாலேயே அந்த இன்னொரு சொல்லைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அவர் கவனமாகத் தவிர்த்த சொல்லை நான் பிடுங்கி வெளியே போட்டிருப்பேன். எது பெரிய தவறு? பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதில்லை. திருப்பிக் கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒலியைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் இவ்வளவு எழுதியும் ஒன்றை என்னால் வாதாடிக் கடக்க முடியவில்லை. என் குரல் அவருக்குக் கேட்காமல் இருந்திருக்கலாம், என் கண்ணை அவர் வேறு விதமாகப் படித்திருக்கலாம். ஆனால் சட்டையில் குத்திய அந்தப் புகைப்படம் அவர் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. அதில் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.